ஊர் மாறப் பழைய லோடு வண்டி வாங்குபவர்களுக்கு: இது எதைச் சுமந்த வண்டி என்று முதலில் கேளுங்கள்

ஒரே ஒரு நடைக்காகப் பழைய வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டை தின்ன ஆசைப்பட்டு நாமக்கல்லில் பண்ணை போட்ட கதையாகிவிடும். சங்ககிரி, நாமக்கல் பக்கமிருந்து வடக்கே போகாத லாரி கிடையாது. சாமானை அதில் பாதி லோடாகப் போட்டுவிட்டு நீங்கள் ரயில் ஏறுவதுதான் மலிவு. போய்ச் சேர்ந்த ஊரிலும் வண்டிக்கு வேலை இருக்கிறது, கடை வைக்கிறோம், மெஷின் போடுகிறோம், சந்தைக்குச் சரக்கு எடுக்கிறோம் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

எங்கள் கதை அதுதான். காங்கேயத்துக்குப் பக்கத்திலிருந்து புனேவுக்குக் குடி போனோம். எனக்கு அங்கே வேலை, வீட்டுக்காரம்மாவுக்கு மூன்று தையல் மெஷினை வைத்துச் சின்னதாக ஒரு யூனிட் போடும் திட்டம், துணி ஏற்றி இறக்க எப்படியும் ஒரு வண்டி வேண்டும். இதுபோக, ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். ஆக மொத்தம் ஒரு எட்டடித் தொட்டி வண்டி வாங்கினோம். அதற்கு முன் பார்த்துக் கழித்த வண்டிகள் ஆறேழு இருக்கும், ஒன்றில் அட்வான்ஸும் போனது. அந்தச் செலவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த அளவு வண்டி

குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸில் முக்கால் டன் ஏற்றலாம், ஏழடித் தொட்டி. உள்ளூர் வீடு மாற இரண்டு நடை அடிக்கலாம், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே நடையில் குடும்பத்தையே கட்டிக்கொண்டு போக அது பற்றாது. அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி எட்டடி வண்டிகள் ஒன்றேகால் டன் தாங்கும். பொலீரோ பிக்கப்பில் பல வகை உண்டு. அதற்கு மேல் டாடா 407, ஐச்சர் 14 அடி.

பெரிய வண்டியாக வாங்கினால் ஒரே நடையில் எல்லாம் போய்விடுமே என்றுதான் எல்லாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், ஜி.வி.டபிள்யூ. என்று ஒரு எண் இருக்கும், வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை. அது 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட்டே தேவையில்லை. தாண்டினால் பர்மிட் வேண்டும், வெளி மாநிலம் போக நேஷனல் பர்மிட் வேண்டும், அந்த நேஷனல் பர்மிட் 12 வருடம் தாண்டிய சாதாரண இரண்டு ஆக்சில் வண்டிக்குக் கிடைக்காது. பழைய 407 ஒன்று சல்லிசாக வருகிறதே என்று வாங்கிப் போட்டுவிட்டு, ஓசூர் தாண்ட வழியில்லாமல் செங்கல் சூளைக்கு வாடகைக்கு விட்டவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். அதனால் முதல் முறையாக வாங்குபவர் 3,000 கிலோவுக்கு உட்பட்ட வண்டியாகப் பார்ப்பதுதான் தலைவலி இல்லாத வழி. சாமான் மிஞ்சினால் பழைய கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கும் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

எங்கே தேடுவது, என்ன கேட்பது

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, ஈரோடு, பெருந்துறை, கோவை என்று எங்கே போனாலும் பழைய வண்டி நிற்கும். புரோக்கர் மூலம் வாங்கலாம், ஃபைனான்ஸ்காரர்கள் சீஸ் செய்து யார்டில் போட்டிருப்பதை வாங்கலாம், ஓட்டிக்கொண்டிருக்கும் முதலாளியிடமே நேராகவும் வாங்கலாம். யார்டு வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால் பேட்டரி செத்துக் கிடக்கும், ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், மழையிலும் வெயிலிலும் எத்தனை மாதம் நின்றதென்று யாரும் சொல்லமாட்டார்கள். முதல் வண்டி வாங்குபவருக்கு அது சரிப்படாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியாகப் பாருங்கள்.

பார்த்ததும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்காதீர்கள், மீட்டரை நம்பி ஒரு பிரயோஜனமும் இல்லை. இது எதைச் சுமந்த வண்டி என்று கேளுங்கள். நம் பக்கத்து வண்டிகளுக்கு இந்த ஒரு கேள்வியிலேயே பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

பல்லடம், நாமக்கல் பக்கம் கறிக்கோழி ஏற்றிய வண்டி என்றால் எச்சம் ஊறி ஊறித் தொட்டியின் தரையும் அதற்குக் கீழே குறுக்குச் சட்டங்களும் அரித்திருக்கும். மேலே புதுத் தகடு அடித்து மறைத்திருப்பார்கள், கீழே படுத்து டார்ச் அடித்தால்தான் தெரியும். செங்கல், எம்.சாண்ட் அடித்த வண்டி என்றால் ஓவர்லோடில் பாரம் தாங்கும் வளைந்த வில்லான கமான் பட்டை தட்டையாகி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலேயே வெல்டிங் விழுந்திருக்கும். தேங்காய் மஞ்சி, பஞ்சு வேஸ்ட் ஏற்றியதில் பாரம் குறைவு, அடிப்பாகம் நன்றாக இருக்கும், ஆனால் ரேடியேட்டர் இடுக்கெல்லாம் தூசி அடைத்து இன்ஜின் சூடாகிச் சூடாகி ஓடியிருக்கும். பால் வண்டி தினமும் ஒரே ரோடு, ஒரே டிரைவர், ஒரே நேரம். கிலோமீட்டர் கூடவே ஓடியிருந்தாலும் எனக்குப் பிடித்தது அதுதான், தண்ணீர் சொட்டிய இடத்துத் துருவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். திருப்பூரில் பனியன் பீஸ் ஏற்றிய வண்டி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நான் அட்வான்ஸ் விட்ட வண்டி பளபளவென்று புதுப் பெயிண்டில் நின்றது. முகப்பில் சாமி பெயர், கண்ணாடிக்கு மேலே சீரியல் லைட், பம்பரில் எலுமிச்சம்பழம். இரண்டு நாள் கழித்து மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போனேன். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை, சாக்கை விரித்துக் கீழே படுத்துவிட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "ஏனுங் தம்பி, அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தீங்க?" சொன்னேன். "போனாப் போகுதுங்க, மேக்கொண்டு குடுத்தராதீங்க." பின் சக்கரத்துக்கு முன்னால் சேசிஸில் ஒரு சாண் நீளத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கீறிக் காட்டினார். பெயிண்ட் உரிந்ததும் பழைய விரிசல் தகட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை நீண்டு கிடந்தது.

காலையில் போங்கள்

வண்டி பார்க்கப் போகிற அன்று விற்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் எடுக்காத வண்டியை உங்களுக்காகச் சூடு பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். டீசல் வண்டி ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அதில் தப்பில்லை. பால் டீ நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து, எண்ணெய் மிதக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வைத்துப் பாருங்கள். நல்ல இன்ஜினில் மூடி லேசாக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொதிக்கிற இட்லிப் பானை மூடி மாதிரித் துள்ளினாலோ, புகை குபுகுபுவென்று வந்தாலோ பேக் கம்ப்ரஷன். ரிங், லைனர் தேய்ந்த இன்ஜின், போரிங் வேலை காத்திருக்கிறது. சைலன்சர் புகையில் நீலம் தெரிந்தால் ஆயில் எரிகிறது. மிதிக்கும்போது மட்டும் கறுப்பாக வந்தால் ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ, அதைச் சரி செய்துவிடலாம். காலையில் முதல் இரண்டு நிமிடம் வெள்ளையாக வருவதை விட்டுவிடுங்கள், நிற்காமல் வந்தால்தான் கவலை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருட ரப்பரை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள். முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் முளை) ஆட்டமா, அலைன்மென்ட் கோளாறா என்று ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கமான் பட்டையை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுவார் மெக்கானிக். நல்ல பட்டை கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது மண்பானை மாதிரிச் சத்தம் போடும்.

ஓட்டிப் பார்க்கும்போது மேட்டில் நிறுத்தி எடுங்கள், கிளட்ச் வழுக்குவது அங்கேதான் தெரியும். நாலாவது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எடுத்து வைத்துப் பாருங்கள், அடியில் டங்கென்று சத்தம் வந்தால் ஜாயிண்ட் கிராஸ், அதாவது பின் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இணைப்பு, தேய்ந்திருக்கிறது. இதற்கெல்லாம் மெக்கானிக் கூட வருவதற்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள். முக்கியமாக, விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்காக இருக்கக் கூடாது.

பேப்பர்

இரும்பைப் பார்த்து முடித்ததும் ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு பென்சிலும் வெள்ளைத் தாளும் எடுங்கள். சேசிஸில் குத்தியிருக்கும் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் 17 எழுத்தும் பதியும். ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், இன்ஜின் எண்ணையும்தான். ஒரு எழுத்து பிசகினாலும் எழுந்து வந்துவிடுங்கள், ஆபீஸில் தட்டச்சுப் பிழை என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி.

அப்புறம் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று எது வரை என்று வரும். இ-சலான் பாக்கியையும் தனியாகப் பாருங்கள், சில வண்டிகளில் அபராதமே ஒரு டயர் விலைக்கு நிற்கும். சரக்கு வண்டிக்கு முதல் 8 வருடம் வரை எஃப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். 15 வருடம் தாண்டிய வண்டிக்குக் கட்டணமெல்லாம் ஏறிவிட்டது, புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ப் பேச்சு செல்லாது. ஃபைனான்ஸ் கையெழுத்து, சீல் போட்ட ஃபார்ம் 35-உம் (கடன் பதிவை நீக்கும் படிவம்) என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லைச் சான்று) கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, ஃபார்ம் 30. இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது: ஆர்.சி. ஓனர் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காலி ஃபார்மை வைத்துக்கொண்டே வண்டி மூன்று கை மாறியிருக்கும். உங்களிடம் விற்பவர் ஓனரே கிடையாது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்குக் கேட்டுவிட வேண்டும். உங்கள் பெயர் ஏறாத வண்டியில் மாநிலம் தாண்டாதீர்கள்.

காசு

கையில் 4 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்குத்தான் வண்டி பார்க்க வேண்டும். பட்டறை வேலைக்கான மீதி ஒரு லட்சத்தை யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள், உங்கள் மனசாட்சி கேட்டாலும் சரி.

பட்டறை வேலை: எது முதலில்

வண்டி வந்ததும் எல்லாரும் பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் ஓடுவார்கள். நீங்கள் பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக் லைனர், டிரம், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ் பார்த்து, பழைய பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். சக்கரம் கழன்றிருக்கும்போதே ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்துவிடலாம், ஒரே கூலி.

அடுத்தது சூடு. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஹோஸ், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை நன்றாக இருக்கிறதா என்று யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், பழைய பெல்ட் ஸ்பேருக்கு ஆகும். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், எல்லா ஃபில்டரும். டயரில் முன் இரண்டும் புதிது, பின்னால் நல்ல ரீட்ரேட் (மேல் ரப்பர் புதிதாக ஒட்டிய பழைய டயர்) இருந்தால் ஓடலாம். ஸ்டெப்னியையும் ஒரு டயராக மதியுங்கள்.

சில பாகங்களுக்குப் பழசே போதும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், ஹெட்லைட் குடை, சீட் இதையெல்லாம் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடலாம். பிரேக், ஸ்டியரிங், பேரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்காதீர்கள்.

தொட்டிக்கு நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளை மிஞ்ச ஆளில்லை. தரைத் தகடு, ஓரக் கொக்கிகள், தார்ப்பாய்க்கு வளைவுக் கம்பி, பின் கதவு லாக், இவ்வளவு போதும். கொக்கியைக் கூடுதலாக நாலு வைக்கச் சொல்லுங்கள், கயிறு கட்டும்போது என்னை நினைப்பீர்கள். எஃப்.சி. நெருங்கியிருந்தால் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், எழுத்து வேலை எல்லாவற்றையும் அதோடு முடித்து எஃப்.சி.யும் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். வெளி மாநிலத்தில் எஃப்.சி. முடிந்தால் மொழி தெரியாத ஊரில் அலைய வேண்டியிருக்கும்.

வெள்ளோட்டம்

பட்டறையிலிருந்து வந்த வண்டியில் நேராகச் சாமான் ஏற்றாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் இங்கேயே ஓட்டுங்கள். நான் தோப்பிலிருந்து காங்கேயம் கொப்பரைக் களத்துக்குத் தேங்காய் ஏற்றினேன். வாடகைக் காசும் மிச்சம், லோடில் வண்டி எப்படிப் போகிறது என்றும் தெரிந்தது. அரிசி ஆலைகள் இருக்கும் ஊர் என்பதால் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. காலி வண்டியை ஒரு முறை எடை போட்டுச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், குடி போகும் அன்று லோடோடு இன்னொரு முறை.

மூன்றாவது நடையில்தான் மாட்டியது. இருபது கிலோமீட்டர் ஓடியதும் இறங்கி நாலு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. பின் இடது பக்கம் கை வைக்க முடியவில்லை, கிரீஸ் உருகிச் சக்கரத்தில் கோடு கோடாக வழிந்திருந்தது. பேரிங் நட்டைப் பட்டறைப் பையன் இறுக்கிவிட்டிருக்கிறான். கழற்றித் தளர்த்திக் கட்டினதோடு சரியாகிவிட்டது, ஒரு மணி நேர வேலை. அதே ஹப் கர்நாடகத்தில் சித்ரதுர்காவுக்கு அந்தப் பக்கம் ராத்திரி சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

ஏற்றத்துக்கு ஒரு சோதனை வேண்டும். பண்ணாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அரை லோடோடு திம்பம் மலைப்பாதையில் ஏறினோம், 27 கொண்டை ஊசி வளைவு. இரவுத் தடை இருக்கிறது, பகலில் போங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாமல் இருந்தால் கூலிங் பாஸ். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கடைசி வளைவில் மிதிக்க ஒன்றும் இருக்காது.

ஏற்றும் நாள்

பாரமானது முதலில், கீழே, கேபினை ஒட்டி. பாரம் முழுக்கப் பின் ஆக்சிலுக்குப் பின்னால் போனால் ஸ்டியரிங் காற்றில் மிதக்கும். ஆட்டுக்கல்லும் தையல் மெஷின் தலைகளும் முன்னால், பழைய சேலை சுற்றி. பீரோவைக் காலி செய்து சாய்த்துப் படுக்க வைக்கலாம். ஃபிரிட்ஜ் நின்றபடிதான் வர வேண்டும். மெத்தை, பாய், துணி மூட்டை எல்லாம் இடுக்குகளுக்கு. தார்ப்பாய் போட்டு முதல் ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்திக் கயிறைத் திரும்ப இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். இடமிருக்கிறதே என்று தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள், சட்டப்படியும் கூடாது, அது வேண்டவும் வேண்டாம். அம்மாவை ரயிலில் அனுப்பினோம்.

பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) கிடையாது. கேட்டால் காட்ட ஒரு சாமான் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொழில் மெஷின் கணக்கில் வந்தால் மட்டும் கிளம்பும் முன் ஆடிட்டரிடம் கேட்டு அதற்கான பேப்பரைத் தனியாக வாங்கிவிடுங்கள். ஃபாஸ்டாக் உங்கள் பெயரில் இருக்கட்டும், பழைய ஓனரின் ஸ்டிக்கரைக் கண்ணாடியிலிருந்து சுரண்டிவிடுங்கள்.

சேலம் தாண்டித் தொப்பூர் நமக்குப் போகும்போது ஏற்றம், அவசரப்படாமல் ஏறலாம். ஆபத்து திரும்பி வரும்போதுதான், அந்த இறக்கத்தில் பிரேக் போய்க் கவிழ்ந்த லாரிகள் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பெங்களூரு தாண்டினால் தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, எல்லாம் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மொத்தம் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சொச்சம். பழைய வண்டியில் மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பொழுதோட வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். டீக்கு நிறுத்தும்போதெல்லாம் நாலு ஹப்பையும் தொட்டுவிட்டுத்தான் டீ.

கடைசியாக ஒன்று, நான் கோட்டை விட்டது. வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புதிதாகப் பதிய வேண்டும். அதற்கு நம் ஊர் ஆர்.டி.ஓ. கொடுக்கும் என்.ஓ.சி. வேண்டும், ஃபார்ம் 28. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், பிறகு அதற்காகவே ஒரு தடவை ஊருக்கு வந்து போனேன். நீங்கள் கிளம்பும் முன்பே விசாரித்து வேலையை ஆரம்பித்துவிடுங்கள். சேசிஸ் எண்ணைப் பென்சிலில் தேய்த்து எடுத்த தாள் அதற்கும் கேட்பார்கள், வண்டி பக்கத்தில் இருக்கும்போதே நாலைந்து பிரதி எடுத்து ஆர்.சி. கவரில் போட்டு வையுங்கள்.